சுவருக்கு முன்னால் ஒப்பந்தம்: ராயபுரத்தில் ஒரு பொதுக்கலைப் பயிற்சி

பொது இடங்களில் சுவரோவியமும் சிற்பமும் செய்யும் கலைஞர்களுக்காக வடசென்னை ராயபுரத்தில் ஒரு சிறு குழு நடத்திய பயிற்சியில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் தவறாமல் கலந்துகொண்டேன். கட்டணம் 3,000 ரூபாய். வந்திருந்த இருபது பேரில் பாதிப் பேர் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கங்களில் கடைப் பலகையும் கட்சிச் சுவரும் எழுதிப் பழகியவர்கள். மற்றவர்கள் நுண்கலை படித்து முடித்த இளைஞர்கள். வரையக் கற்றுத்தரும் பயிற்சி அன்று இது. ஒரு பணி கையில் வருவதற்கும் அதற்கான கடைசித் தவணை வங்கிக் கணக்கில் விழுவதற்கும் இடையில் கலைஞர் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லித்தரும் பயிற்சி. எனக்குத் தெரிந்த வரையில் நம் பகுதியில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்ததில்லை.

கொடுத்த பணம் மூன்றாம் வாரத்து ஒப்பந்த வகுப்பிலேயே எனக்குத் திரும்பிவிட்டது. வழக்கறிஞர் ஒருவர் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எங்கள் வேலையோடு பொருத்திப் பொருத்தி விளக்கினார். காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமைக்கு, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரையில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு சொல்வதை அன்றுதான் அறிந்தேன். நான் வரைந்ததால் அது என்னுடையது என்று பதினொரு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும் என்பதும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றே கொள்ளப்படும் என்பதும் 19ஆம் பிரிவில் உள்ளன. உரிமை முழுவதையும் கொடுத்த பிறகும், படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு படைப்பாளிக்கு இடம் தருகிறது.

இதற்கு அவர் எடுத்துக்காட்டிய வழக்கு என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. சிற்பி அமர்நாத் சேகல் தில்லியில் உள்ள அரசு மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் கழற்றி எடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் நீதிமன்றத்தை நாடினார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. நான் இரண்டு மாதம் உழைத்து வரைந்த ஒரு சுவரை, பணி கொடுத்தவர்களே ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெள்ளையடித்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்த மாலை அந்த வகுப்பில் எனக்கு நினைவுக்கு வந்தது. சுவரை அழிப்பதற்கு முன் இத்தனை நாள் அறிவிப்புத் தர வேண்டும், படம் எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரியை அன்று நான் எழுதி வாங்கியிருந்தால் போதும்.

விலைப்புள்ளி வகுப்பும் அதே அளவுக்குப் பயன்பட்டது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றைத் தொகையைச் சொல்லிவிடுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். அந்தத் தொகைக்குள் வரைவு தயாரித்த நாள்கள், சாரத்தின் வாடகை, உதவியாளரின் கூலி, இடைவிடாத வடகிழக்குப் பருவமழையில் சும்மா உட்காரும் நாள்கள் ஆகிய அனைத்தும் கரைந்துபோகின்றன என்பதை, ஒவ்வொருவரும் தம் பழைய வேலை ஒன்றின் கணக்கை எழுதிப் பார்த்தபோது கண்டுகொண்டோம். வரைவுக்குத் தனிக் கட்டணம், கையொப்பத்தின்போது முன்பணம், பாதி வேலையில் ஒரு தவணை, இத்தனை முறைக்கு மேல் திருத்தம் கேட்டால் கூடுதல் தொகை என்று பிரித்து எழுதும் மாதிரித் தாள் ஒன்றைத் தந்தார்கள். உத்யம் என்னும் அரசின் தொழில் பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்குரிய தொகையை அதிகபட்சம் 45 நாள்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதையும், அந்தப் பதிவைக் கைப்பேசியிலேயே கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம் என்பதையும் அங்கேயே செய்து காட்டினார்கள்.

சுவரைப் பற்றிய வகுப்புதான் எனக்குக் குறையாகப்பட்டது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் நிற்கும் சுவர்களில் உப்பு பூப்பதும் வண்ணம் செதில் செதிலாக உரிவதும் எங்கள் அன்றாடத் தொல்லை. அதற்கு அரை நாள் போதாது. புதுச் சிமென்ட் பூச்சை 28 நாள்களாவது காயவிட வேண்டும், இல்லையேல் அதன் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும் என்பதையும், ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி ஓர் இரவு விட்டுவைத்தால் உட்புறம் நீர் கோத்திருப்பதைக் கொண்டு ஓதத்தை (சுவரின் உள்ளீரத்தை) கண்டுபிடிக்கலாம் என்பதையும் சொன்னார்கள். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரை என்ன செய்வது என்று கேட்டதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. புரொஜெக்டர் கொண்டு படத்தைப் பெரிதாக்கும் முறைக்கு ஒரு மணி நேரம் செலவிட்டபோது, ஐம்பது ஆண்டுகளாகப் பலகை எழுதும் பெரியவர் ஒருவர், "நூலு அடிக்கத் தெரிஞ்ச கைக்கு எதுக்கு தம்பி புரொஜெக்டரு?" என்று கேட்டார். அவரையே முன்னால் அழைத்து, நூலால் கோடடித்துச் சுவரில் கட்டம் போட்டுக் காட்டச் சொன்ன பயிற்றுநரின் பண்பை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அன்று இளைஞர்கள் அதிகம் கற்றது அவரிடம்தான்.

உயரத்தில் வேலை செய்யும்போது உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்பு வார் கட்டுவது, சாரத்தின் கட்டுகளைத் தினமும் காலையில் சரிபார்ப்பது ஆகியவை சுருக்கமாகவும் சரியாகவும் சொல்லப்பட்டன. பெண் கலைஞர்கள் எழுப்பிய கழிப்பறை, இரவு வேலை, ஊர் திரும்பும் வசதி ஆகிய கேள்விகள் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளப்பட்டது முறையன்று. அவையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய விதிகளே.

மாதிரி டெண்டர் ஆவணங்கள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. பயிற்றுநர்கள் வாய்மொழியாகத் தமிழில் விளக்கினார்கள் என்றாலும், வீட்டுக்கு எடுத்துச் சென்று மீண்டும் படிக்க முடியாத தாளால் எங்களில் பாதிப் பேருக்குப் பயனில்லை. இதை எழுத்தாகவே கொடுத்திருக்கிறேன். மொழிபெயர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த அணி பொங்கலுக்குப் பிறகு தொடங்குகிறது. சேர நினைப்பவர்கள், கையெழுத்துப் போட்ட பழைய பணியாணை ஒன்றைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். வழக்கறிஞர் அதை வரி வரியாகப் படித்து, எந்த இடத்தில் எதை விட்டுக் கொடுத்தீர்கள் என்று பென்சிலால் அடிக்கோடிட்டுத் தருகிறார். என் தாளில் ஏழு கோடுகள் விழுந்தன.