பதற்றக் கோளாறு: மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா?

பொதுப் பதற்றக் கோளாறு என்று மருத்துவர் சொன்னதும், எது சீக்கிரம் கேட்கும் என்பதே பலரின் முதல் கேள்வியாக இருக்கிறது. அதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் டயஸெபாம் போன்ற பென்சோடயசெபைன் மாத்திரைகளே முந்தும். ஒரு மணி நேரத்துக்குள் உடல் தளர்ந்து மனம் அடங்கிவிடும். ஆனால், குறைந்தது ஆறு மாதங்கள், பெரும்பாலான நாட்களில், வேலை, உடல்நலம், பிள்ளைகள், பணம் என ஒன்று மாற்றி ஒன்றாகக் கட்டுக்கடங்காத கவலை தொடர்வதே இந்நோயின் இலக்கணம். அத்தகைய நோய்க்கு, சில வாரங்களிலேயே உடலைப் பழக்கிவிட்டு, நிறுத்தும்போது பதற்றத்தைக் கூட்டித் தரும் மருந்து ஏற்றதன்று. நெருக்கடியான சில நாட்களைக் கடக்க மட்டுமே அது உதவும்.

உண்மையான போட்டி, எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளுக்கும் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் இடையில்தான். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை பலன் காட்டப் பல வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் குமட்டலும், சிலருக்குப் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாமல் மருந்துச்சீட்டைக் கொடுப்பது, பலன் தெரியும் முன்பே நோயாளியை நிறுத்தவைக்கும் வழி என்பேன். இளைஞர்களுக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று கவனிப்பதும் கட்டாயம். குணம் தெரிந்த பின்னும் ஏறக்குறைய ஓராண்டு தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிபிடி, வாரம் ஓர் அமர்வாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து அமர்வுகள் வரை நீளும். கவலைப்படுவதே தன்னைக் காக்கிறது என்ற உள்நம்பிக்கையை அது சோதனைக்கு உட்படுத்துகிறது. மகள் வரத் தாமதமானால் பத்து முறை அழைக்கும் தாய், ஒரு நாள் அழைக்காமலிருந்து, தான் அஞ்சியதையும் உண்மையில் நடந்ததையும் அருகருகே எழுதிப் பார்க்கிறார். விடை தெரியாத அரை மணி நேரத்தைத் தாங்கப் பழகுவதே இங்கு மருந்து. சராசரியில் இரண்டின் பலனும் ஏறத்தாழ நிகர். மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது, பழகிய திறனோ சிகிச்சை முடிந்த பின்னும் கைவசம் இருக்கிறது. அதனால் என் சாய்வு சிபிடி பக்கம்.

ஆயினும் தூக்கமிழந்து, ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க முடியாதவரிடம் இத்தகைய வீட்டுப்பாடம் கொடுப்பதில் பொருளில்லை; அவருக்கு முதலில் மருந்து, சற்றுத் தெளிந்ததும் சிபிடி. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால், எதைத் தொடங்கும் முன்னும் ஓர் இரத்தப் பரிசோதனை நல்லது.