ஸ்மால்வில்: இரண்டு தந்தையரின் கதை

சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கிளார்க் கென்ட்டின் இளமைப் பருவத்தைச் சொல்லும் 'ஸ்மால்வில்' தொடர், 2001 அக்டோபரில் அமெரிக்காவின் டபிள்யூ.பி. அலைவரிசையில் தொடங்கி, 2011 மே மாதம் சி.டபிள்யூ. அலைவரிசையில் பத்தாவது சீசனோடு நிறைவுற்றது. இதை உருவாக்கிய ஆல்ஃபிரட் கஃப், மைல்ஸ் மில்லர் இருவரும் தொடக்கத்திலேயே தமக்கு ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டார்கள்: நாயகன் பறக்கக் கூடாது, நீலமும் சிவப்புமான அந்த உடையை அணியவும் கூடாது. கண்ணைக் கவரும் வழிகள் இவ்வாறு அடைபட்டதால், கதை கிளார்க்கின் வீட்டுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. தொடரின் மிகச் சிறந்த காட்சிகள் கென்ட் குடும்பத்தின் சமையலறையிலும் வைக்கோல் அடுக்கிய களஞ்சியத்திலும் நிகழ்வதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

கதை நடப்பது கன்சாஸ் மாநிலத்துச் சோள வயல்களுக்கு நடுவேயுள்ள ஒரு சிற்றூரில். படமாக்கப்பட்டதோ கனடாவின் வான்கூவர் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும். 1989 அக்டோபரில் அவ்வூரின் மீது விண்கற்கள் மழையாகப் பொழிகின்றன. பிள்ளையில்லாத ஜோனத்தன், மார்த்தா கென்ட் தம்பதிக்கு அந்த மழை குழந்தை கிளார்க்கைத் தருகிறது. சிறுமி லானாவின் பெற்றோரைப் பறிக்கிறது. சோள வயலில் நின்றிருந்த சிறுவன் லெக்ஸ் லூத்தரின் தலைமுடியை நிரந்தரமாக உதிர்த்துவிடுகிறது. தன் வருகையே பிறருடைய துயரத்துக்குக் காரணம் என்று பதினான்கு வயதில் அறிந்துகொள்ளும் ஒரு பையனின் குற்றவுணர்வு, முதல் சில சீசன்களின் அடியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நாயகனின் வலிமையைவிட அந்தக் குற்றவுணர்வை முன்னிறுத்தியதே இத்தொடரின் துணிவு.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாலத்தின் மீது வேகமாக வரும் லெக்ஸின் கார் கிளார்க்கை மோதி ஆற்றில் விழுகிறது. கிளார்க் நீருக்குள் மூழ்கி, காரின் கூரையைப் பிய்த்து அவனைக் காப்பாற்றுகிறான். அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில், பள்ளியின் கால்பந்து வீரர்கள் கிளார்க்கைச் சோள வயலில் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, அவனை அவிழ்த்துவிடுவது லெக்ஸ். எதிர்காலத்தில் எதிரிகளாகப் போகும் இருவரும் ஒருவருக்கொருவர் உயிர்க்கடன் பட்டவர்களாகவே அறிமுகமாகிறார்கள். நன்றியாக லெக்ஸ் அனுப்பிய புதிய வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி ஜோனத்தன் சொல்கிறார். லூத்தர் குடும்பத்தின் பணம் எவ்வாறு சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். அந்த மறுப்பு நியாயமானது என்றாலும், தந்தையின் குற்றத்துக்காக மகனை விலக்கிவைக்கும் கண்டிப்பும் அதில் உண்டு. லெக்ஸின் பிற்கால வீழ்ச்சியில் நல்லவர்களுக்கும் சிறு பங்கு இருந்தது என்பதைத் தொடர் மறைக்கவில்லை.

எனவே, இதை ஒரு நாயகனின் கதையாகப் பார்ப்பதைவிட, இரண்டு தந்தையரின் வளர்ப்பைப் பற்றிய கதையாகப் பார்ப்பதே பொருத்தமாகும். ஜான் ஷ்னைடர் நடித்த ஜோனத்தன், எவரையேனும் காயப்படுத்திவிடுவான் என்ற அச்சத்தில் மகனைக் கால்பந்து விளையாடவும் அனுமதிக்காத விவசாயி. கோபக்காரர், ஆனால் மகனிடம் மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர். ஜான் குளோவரின் லயனல் லூத்தரோ, அன்பையே ஒரு தேர்வாக வைத்து, அதில் மகன் தோற்கும்போது மகிழ்பவர். முதல் சீசனின் முடிவில், புயலில் தூணுக்கு அடியில் சிக்கிய லயனல் கைநீட்டி உதவி கேட்க, லெக்ஸ் தயங்கி நிற்கும் சில நொடிகள் அந்த உறவு முழுவதையும் சொல்லிவிடுகின்றன. மூன்றாவது சீசனில் அதே தந்தை தன் ரகசியத்தைக் காக்க, மகனை மனநல மருத்துவமனையில் அடைத்து, மின்னதிர்ச்சி கொடுத்து அவன் நினைவை அழிக்கச் செய்கிறார். கிளார்க்கின் ஆற்றலை லெக்ஸ் நேரில் கண்ட நினைவும் அத்தோடு போய்விடுகிறது.

லெக்ஸாக நடித்த மைக்கேல் ரோசன்பாம் இத்தொடரின் உயிர். நல்லவனாக இருக்க உண்மையாகவே முயன்று, நம்பிக்கை மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி பின்னால் போகும் மனிதனை அவர் பெரும்பாலும் கண்களாலும் தாழ்ந்த குரலாலுமே காட்டுகிறார். கிளார்க்காக வரும் டாம் வெல்லிங்கின் நடிப்பு அந்த அளவுக்கு நுட்பமானதன்று. ஆயினும் பொய் சொல்ல விரும்பாத ஒருவன் நாள்தோறும் பொய் சொல்ல நேரும் சங்கடம் அவருடைய முகத்தில் இயல்பாகவே படிந்திருக்கிறது.

நூறாவது அத்தியாயம் தனியே குறிப்பிடத் தக்கது. ஐந்தாவது சீசனில் வரும் இதில், கிளார்க் லானாவிடம் உண்மையைச் சொல்கிறான். அன்றே அவள் விபத்தில் இறக்கிறாள். காலத்தைத் திருப்பி அவளை மீட்கும் கிளார்க், அதற்கு ஈடாக, மாநில மேலவைத் தேர்தலில் ஜோனத்தன் லெக்ஸைத் தோற்கடித்த இரவிலேயே அந்தத் தந்தையைப் பறிகொடுக்கிறான். எவ்வளவு வலிமை இருந்தும் ஒருவரின் நின்ற இதயத்தை மீண்டும் துடிக்கவைக்க இயலாத மகன் மண்டியிடும் அந்தக் காட்சிக்கு நிகரான ஒன்றை இத்தொடர் பிறகு எட்டவேயில்லை.

பழைய திரைப்படங்களுக்குச் செலுத்தப்பட்ட மரியாதையும் மனத்தைத் தொடுகிறது. மார்த்தாவாக வரும் அனெட் ஓ'டூல், 1983இல் வெளிவந்த மூன்றாவது சூப்பர்மேன் படத்தில் லானாவாக நடித்தவர். அந்தப் படங்களில் சூப்பர்மேனாக நடித்தவரும், 1995இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்தவருமான கிறிஸ்டோபர் ரீவ், இரண்டாவது சீசனில் சக்கர நாற்காலியில் அமர்ந்த விஞ்ஞானி ஸ்வானாக வந்து, கிளார்க்கின் பிறப்பிடத்தைப் பற்றி அவனுக்கு எடுத்துரைக்கிறார். பழைய சூப்பர்மேன் புதியவனுக்கு வழிகாட்டும் அந்தச் சந்திப்பை அடுத்த ஆண்டே அவர் மறைந்துவிட்டார் என்ற நினைவின்றிப் பார்க்க முடியவில்லை.

குறைகளும் கணிசமானவை. பச்சை விண்கல்லின் கதிர்வீச்சால் விபரீத ஆற்றல் பெற்ற ஒருவர் ஒவ்வொரு வாரமும் தோன்றி மறைவது முதல் சீசனிலேயே சலிப்பூட்டுகிறது. கிளார்க்குக்கும் லானாவுக்கும் இடையிலான காதல், சேர்வதும் பிரிவதுமாக ஏழு சீசன்கள் இழுக்கப்பட்டதில், லானாவாக நடித்த கிறிஸ்டின் க்ரூக்குக்கு நல்ல காட்சிகள் வாய்க்கவில்லை. உண்மை வெளிப்பட வேண்டிய தருணத்தில் எவரேனும் தலையில் அடிபட்டு மயங்கிவிடுவது எழுத்தாளர்களின் சோம்பலன்றி வேறில்லை. ஏழாவது சீசனுக்குப் பின் ரோசன்பாமும், தொடரை உருவாக்கிய இருவரும் விலகிய இழப்பு பெரிது. எரிக்கா டுரான்ஸ் நடித்த செய்தியாளர் லோயிஸ் லேன் கொண்டுவரும் உற்சாகத்தால் பிற்பகுதி நகர்கிறது என்றாலும், மெட்ரோபோலிஸ் நகருக்குக் கதை பெயர்ந்த பின்னும் பறக்காதிருப்பது, நியாயம் இழந்த வெறும் பிடிவாதமாகத் தோன்றுகிறது.

புதிதாகப் பார்க்க விரும்புவோர் முதல் ஐந்து சீசன்களை வரிசையாகப் பார்க்கலாம். ஆறும் ஏழும் லெக்ஸுக்காகப் பார்க்கத் தகுந்தவை. அவற்றோடு நிறுத்திக்கொள்பவர்களும் கடைசி அத்தியாயத்தை விட்டுவிட வேண்டாம். அதற்காக ரோசன்பாம் திரும்பி வந்திருக்கிறார். கிளார்க்கும் லெக்ஸும் நேருக்கு நேர் நின்று பேசும் அந்தச் சில நிமிடங்கள், சுற்றிலும் நிகழும் உலக அழிவுப் பரபரப்பு அனைத்தையும்விட எனக்கு முக்கியமாகப்பட்டன.