ஓர்தடொக்ஸ் தூளா, சீடீசீ தூளா?

கடையில் இரண்டையும் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு: இரண்டுமே தேயிலைக் கொழுந்துதான். வாட்டிய பிறகு போகிற மெஷின்தான் வேறு.

செய்முறை
ஓர்தடொக்ஸ்: ரோலர் கொழுந்தை அழுத்தி முறுக்கும். 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் பங்களா விறாந்தை மேசையில் கையால்தான் உருட்ட வைத்தார். காயவைக்கக் கரி அடுப்பு. ரோலர் அந்தக் கைவேலையைத்தான் செய்கிறது.
சீடீசீ (CTC: crush, tear, curl): 1930களில் அசாமில் வந்தது. பல் வைத்த இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழன்று, கொழுந்தை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும்.

சாயம்
ஓர்தடொக்ஸ்: மெதுவாக இறங்கும், மூடிவைத்துப் பொறுக்கணும்.
சீடீசீ: கொதிநீர் பட்டதும் கறுப்பு. கொஞ்சத் தூளே போதும், செலவு குறையும்.

மணம்
ஓர்தடொக்ஸ்: நுவரெலியா மேட்டுத் தேயிலை என்றால் பேச்சே இல்லை.
சீடீசீ: திடம் உண்டு, நுண்மணம் கம்மி.

பால் தேத்தண்ணிக்கும் ஆள் நிறைந்த வீட்டுக்கும் சீடீசீ. பிளேன்டீக்கு ஓர்தடொக்ஸ்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. பாலுக்கும் ஓர்தடொக்ஸ்தான் வேண்டும் என்றால், சரி, டஸ்ட் கேட்டு வாங்குங்கள். பொடி சிறிசு, சாயம் சீக்கிரம் இறங்கும்.