சர்வரை ஃபார்மட் பண்ண விடும் முன் மணியைப் பாருங்கள்

பெங்களூரில் சின்ன அலுவலகம் நடத்தும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். அல்சூரில் எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் கட்டட வரைபட அலுவலகம். இரண்டு லினக்ஸ் சர்வர், பயனர் கணக்குகள் மட்டும் தனியாக ஒரு டொமைன் சர்வரில். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை முதல் சர்வரில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை, சரியான பாஸ்வேர்டுக்கும் தவறு என்றே வந்தது.

எஸ்.பி. ரோட்டில் இருந்து வழக்கமாக வரும் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டோம். ஓசூர்க்காரர், தமிழில் பேசுவார், அதனாலேயே நம்பினேன். பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை, "ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணணும்" என்றார். பேக்கப் எடுத்தாச்சா என்று இரண்டு தடவை கேட்டேன், எடுத்தாச்சு என்றார். மாலையில் லாகின் வந்தது, 18,500 ரூபாய் கொடுத்து நன்றியும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் பார்த்தால் மூன்று வார வரைபடங்கள் இல்லை.

அடுத்த வாரம் இரண்டாவது சர்வரிலும் அதே கதை. இந்தத் தடவை மைத்துனனைக் கூப்பிட்டேன், அவன் சர்வர் வேலையில்தான் இருக்கிறான். "மாமா, இந்த சர்வர், டொமைன் சர்வர், ரெண்டு மெஷின்லயும் மணி பாருங்க" என்றான். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம்! டொமைன் லாகினுக்குப் பின்னால் இருக்கும் கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறை, பழைய டிக்கெட்டை (உள்ளே நுழையக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு மாதிரி) யாரும் திருடித் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக நேரத்தையும் சரிபார்க்கும், வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் உள்ளே விடாது. சர்வர் தன் பிழைகளை எழுதி வைக்கும் லாக் ஃபைலிலேயே 'கிளாக் ஸ்க்யூ டூ கிரேட்', அதாவது கடிகார வித்தியாசம் மிக அதிகம் என்று எழுதியிருந்தது. சில மாதம் முன்பு அதே சர்வீஸ்காரர் புது ஃபயர்வால் போட்டபோது, நேரம் சரிசெய்யும் என்.டி.பி.க்கான யு.டி.பி. 123 போர்ட்டை அடைத்திருக்கிறார், அன்று முதல் கடிகாரங்கள் தினம் இரண்டு மூன்று விநாடியாக விலகியிருக்கின்றன. ஃபார்மட் செய்தபோது மணியைப் புதிதாக வைத்ததால்தான் முதல் சர்வர் சரியானது. போர்ட்டைத் திறந்து, நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனி என்ற புரோகிராமை மறுபடி ஓட விட்டதும் பத்து நிமிடத்தில் எல்லோரும் உள்ளே.

எனக்கு ஆறாதது இதுதான்: முதல் சர்வர் நின்ற அன்று, சர்வரிலேயே உள்ள ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் அவரே நுழைந்துதான் வேலை பார்த்தார். சர்வரிலேயே உள்ள கணக்கு திறக்கிறது, டொமைன் கணக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் ஓ.எஸ். மேல் சந்தேகப்படவே காரணம் இல்லை. உங்களுக்கும் இப்படி வந்தால் 'டேட்' (date) கட்டளையை அந்த சர்வரிலும் டொமைன் சர்வரிலும் அடித்துப் பாருங்கள், 'ஐடி' (id) என்று அடித்துப் பயனர் பெயரைக் கொடுத்து விவரம் வருகிறதா பாருங்கள், பிழை எழுதிய லாக் வரியைக் காட்டாமல் யாரையும் டிஸ்க்கில் கைவைக்க விடாதீர்கள். பேக்கப் எடுத்தேன் என்றால் அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

போன் செய்தால் "வேலைக்குத்தானே சார் காசு வாங்கினேன்" என்கிறார். அந்த மூன்று வார வரைபடங்களை எங்கள் அலுவலகப் பிள்ளைகள் இரண்டு பேர் இன்னும் ராத்திரி உட்கார்ந்து திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார்கள்.