உறை பிரிக்காத கிட் என்று நம்பி 14,600 ரூபாயை இழந்தேன்: பழைய மாடல் விமானக் கிட் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானக் கிட் ஒன்றை எனக்கு விற்ற ஆள், இன்று காலை என் எண்ணை முடக்கிவிட்டான். 14,600 ரூபாய் போயிற்று. கை இன்னும் படபடக்கிறது. ஆனாலும் இதே வலையில் இன்னொருவர் விழக்கூடாது என்பதற்காக இப்போதே எழுதுகிறேன். பழைய கிட் வாங்கும்போது எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் அப்பா விமானப்படையில் தரைப்பணியாளராக இருந்தவர். 1971 போரின்போது மிக்-21 போர் விமானத்தின் எஃப்எல் வகையோடு இருந்தார். எஃப்எல் வகையில் உள்ளே பீரங்கி கிடையாது. ஜிபி-9 என்ற கூட்டை வயிற்றுக்கு அடியில் மாட்டுவார்கள். அதற்குள் 23 மி.மீ. இரட்டைக் குழல் பீரங்கி இருக்கும். அந்தக் கூட்டை மாட்டிக் கழற்றிய கதையை நான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடாவின் மேல் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தை எஃப்எல் வீழ்த்திய செய்தி வந்ததும் தங்கள் கூடாரமே அதிர்ந்தது என்பார். வெள்ளியாகப் பளபளத்த விமானங்களுக்குப் போர்க்காலத்தில் அவசர அவசரமாகப் பச்சை பூசியதைச் சொல்லும்போது கையாலேயே காற்றில் பூசிக் காட்டுவார். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்தபோது, தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டே பார்த்தார். அன்றே முடிவு செய்தேன்: 1/48 அளவில், அதாவது அசலில் 48-இல் ஒரு பங்காக, ஓர் எஃப்எல், வயிற்றில் ஜிபி-9, வெள்ளியின் மேல் அந்தப் பச்சை. இறக்கை முனைக்கு முனை 15 சென்டிமீட்டர்கூட வராது. அப்பாவின் மேசையில் வைக்கலாம்.

பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் கண்ணில் பட்டது. மிக்-21இன் பிஎஃப் வகைக்கான 1/48 கிட், உறை பிரிக்காதது. கூடவே ரெசின் என்ற பிசினில் வார்த்த ஜிபி-9 கூடும், இந்திய விமானப்படைச் சின்னங்களும் எண்களும் தண்ணீரில் நனைத்து ஒட்டும்படி அச்சிட்ட டெக்கால் தாளும். மொத்தம் 14,600 ரூபாய். நம் எஃப்எல் பிஎஃப் வகையை அடியொற்றி வந்தது என்பதால் எனக்கு வேண்டிய எல்லாமே ஒரே பெட்டியில் இருந்தன. பச்சை நிற வெட்டுப்பலகையின் மேல் பெட்டியையும் டெக்கால் தாளையும் அழகாகப் பரப்பிப் படம் போட்டிருந்தான். பலகையின் வலது மூலையில் ஒரு சிவப்பு மைக்கறை. வேலை செய்கிறவனின் மேசை என்று அந்தக் கறையைப் பார்த்தே நம்பினேன்.

பேசினேன். "எந்த ஸ்குவாட்ரன் விமானம் அண்ணா செய்யப்போகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டான். விலைப் பேச்சே எடுக்கவில்லை. வெள்ளி அடிப்பதற்கு முன் பளபளப்பான கறுப்பில் அடிப்பூச்சு கொடுங்கள், அப்போதுதான் உலோகம் உலோகமாகத் தெரியும் என்றான். மூக்குக்குள் எடை வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும் என்றான். எல்லாம் சரியான பேச்சு. நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் அண்ணா. ஆனால் இது உங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும்" என்றான்.

அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். செயலி வழியாகக் கட்டினால் தரகு பிடித்துக்கொள்வார்கள், யுபிஐயில் நேராக அனுப்பிவிடுங்கள், மிச்சமாகும் காசில் கெட்டியான பெட்டியாகப் போட்டு அனுப்புகிறேன் என்றான். அனுப்பினேன். 14,600 ரூபாய், ஒரே தவணையில். யாரோ எதுவும் தெரியாதவன் ஏமாற்றியிருந்தால்கூட ஆறியிருக்கும். இவனுக்கு இந்த வேலை தெரியும். ஒரு கிட்டுக்காக ஒருவன் எத்தனை மாதம் காத்திருப்பான் என்பதும் தெரியும். தெரிந்தே செய்திருக்கிறான்.

ஒன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. மேலே புத்தம்புது பிளாஸ்டிக் உறை. அதைக் கிழித்து மூடியைத் திறந்தால், விமானத்தின் உடல் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கிறது. இணைப்பு நெடுகப் பசை பிதுங்கி வழிந்து இறுகியிருந்தது. இடது இறக்கையின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை. துடைத்தால் போகும் அழுக்கு அல்ல; பிளாஸ்டிக்கைக் கரைக்கும் பசை பட்ட விரலை அப்படியே அழுத்தியதில் ரேகை பள்ளமாகப் பதிந்துவிட்டது. அந்த இடத்தில் இருந்த நுண்ணிய தகட்டுக் கோடுகள் கரைந்தே போயின. நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படுகிறது. கேனபி, அதாவது விமானி அறையின் கண்ணாடி மூடி, முழுக்க வெள்ளையாகப் புகை படிந்த மங்கல். சூப்பர் பசையின் ஆவி பட்டால் இப்படித்தான் ஆகும். தேய்த்து மெருகேற்றிவிடலாம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குறுக்கே விரிசல். டெக்கால் தாள் மஞ்சளித்திருந்தது. மஞ்சளைக்கூடச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டி வெளுத்துவிடலாம். சோதிக்கத் தாளில் இருந்த ஒரு சிறு இலக்கத்தை வெட்டித் தண்ணீரில் போட்டேன். தூள்தூளாகப் பிரிந்து மிதந்தது. ரெசின் கூடு பெட்டிக்குள் இல்லவே இல்லை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உடலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இது எங்கள் விமானம் இல்லை தம்பி. முதுகைப் பார், எவ்வளவு பருமன்" என்றார். இறக்கைக்கு அடியில் வரும் ஆயுதத் தாங்கிகளை எண்ணினேன். பக்கத்துக்கு இரண்டாக நான்கு. எஃப்எல்லுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். பிஎஃப் பெட்டிக்குள் பின்னாளில் வந்த எம்எஃப் வகைக் கிட்டின் பாகங்களைப் போட்டு அனுப்பியிருக்கிறான்! அதுவும் யாரோ பாதியில் கெடுத்துப் போட்டதை.

அதன்பின் நடந்ததைச் சொல்லவே வாய் கசக்கிறது. முதல் நாள், "கூரியரில் மாற்றியிருப்பார்கள் அண்ணா" என்றான். கூரியர்காரர் வழியில் உட்கார்ந்து இறக்கையை ஒட்டினாரா? இரண்டாம் நாள், தானும் இன்னொருவரிடம் வாங்கியதுதான், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்றான். மூன்றாம் நாள், "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா சார்?" என்றான். அண்ணா சாராகிவிட்டார். எடுக்கவில்லை என்றதும் குரலே மாறியது. செயலிக்கு எழுதினேன், பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அவன் கணக்கை முடக்குங்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. வங்கியில், நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணம் இது என்றார்கள். 14,600 ரூபாய்க்கு மூன்று இடத்தில் மூன்று கதவு சாத்தப்பட்டது. இன்று காலை அவனும் முடக்கிவிட்டான்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லி, புகார் எண் வாங்கியிருக்கிறேன். நான்கு நாள் அவன் பேச்சை நம்பிக் காத்திருந்தது என் தவறு. பணம் போன உடனே அழைத்திருக்க வேண்டும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பிளாஸ்டிக் உறையை எவரும் புதிதாகச் சுற்றலாம், அதை நம்பாதீர்கள். பாகங்கள் இணைந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள் ஒவ்வொன்றையும், அன்றைய தேதி எழுதிய தாளோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். கேனபியைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நண்பர் அழைத்தார். அதே செயலியில், வேறு பெயரில், அதே விளம்பரம் மறுபடி ஏறியிருக்கிறது. இப்போது விலை 15,500 ரூபாய். அதே படம்தான்: பச்சை வெட்டுப்பலகை, வலது மூலையில் சிவப்பு மைக்கறை. அந்தப் படத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள்.