புலப்படத்தின் மேல் ஜிபிஎஸ் புள்ளி: கைக்கருவியும் கியூஜிஐஎஸும்

திருவாடானைப் பக்கம் நில அளவை வேலைக்கு வந்திருக்கும் நண்பர் கேட்டார்: கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கலாமா, இல்லை போனே போதுமா? நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். உப்புக்காற்றில் பக்கவாட்டு ரப்பர் உரிந்து, யுஎஸ்பி வாய் துருப்பிடித்துப்போன என் கருவி இப்போதுதான் ரிப்பேர் முடிந்து வந்திருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

எல்லைக்கல்லில் நின்று புள்ளி எடுப்பது, அந்தப் புள்ளிகள் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இழுத்துப் போடுவது, இணையத்தில் இறக்கிய புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லையும் அளவும் வரைந்த சர்வே படத்தை, ஜியோரெஃபரன்ஸ் செய்து (தரையின் ஆயத்தொலைவோடு பொருத்தி) அடியில் விரிப்பது, இதெல்லாம் அவருக்கும் தெரியும். நம் ராமநாதபுரம் கடற்கரை முழுக்க, பூமியைப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் கணக்கில் 44 வடக்கு மண்டலத்தில்தான் வருகிறது, அதிலும் குழப்பமில்லை. புதிதாக வரும் பையன்கள் எக்ஸ் (தீர்க்கரேகை) கட்டத்தில் 9-ஐயும் ஒய் (அட்சரேகை) கட்டத்தில் 79-ஐயும் மாற்றிப் போடுவார்கள். உச்சிப்புளித் தோப்பு நேராக ஆர்க்டிக் பக்கம், ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் போய் விழும். அது நல்ல தப்பு, பார்த்த உடனே தெரிந்துவிடும்.

என் உயிரை வாங்குவது கண்ணுக்குத் தெரியாத தப்பு. கல் மேல் கருவியை வைத்து நிற்கும்போது திரையின் ஓரத்தில் '±3 மீ' என்று காட்டுகிறது. உப்பளம் மாதிரி வெட்டவெளியில் அப்படி. தென்னந்தோப்புக்குள் நுழைந்தால் ஐந்து, ஆறு என்று ஏறும். சரி, யோக்கியமாகச் சொல்கிறதே என்று புள்ளியைச் சேமித்தால், அந்த ± எண் அதோடு காணாமல் போகிறது. ஜிபிஎக்ஸ் வடிவத்தில் செயற்கைக்கோள் எண்ணிக்கை, எச்டிஓபி (செயற்கைக்கோள்கள் நிற்கும் வாகால் கிடைமட்டப் பிழை எவ்வளவு கூடும் என்ற எண்) எல்லாம் எழுதிவைக்க இடம் உண்டு. என் கருவி அதையெல்லாம் காலியாகவே விடுகிறது. கியூஜிஐஎஸ் என்ன செய்யும்? வந்ததை வைத்து அழகாக ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி அதே கடுகளவுதான். அதன் மேல் தட்டினால் பாகை அளவு தசமத்துக்குப் பின் எட்டு இலக்கத்தோடு வருகிறது. எட்டாவது இலக்கம் என்பது தரையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்! நின்ற இடம் மூன்று மீட்டருக்கு நிச்சயமில்லை, எழுதிக் காட்டுவதோ மில்லிமீட்டரில்.

இதை வைத்துக்கொண்டு நில உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரியபட்டினம் பக்கம் ஒரு தோப்பு. லேப்டாப் திரையைத் தன் போனில் படம் பிடித்தார், இரண்டு விரலால் விரித்தார், முகம் மாறிவிட்டது.

"பாத்தியளா தம்பி? வேலி ரெண்டு மீட்டரு நம்ம பக்கம் ஏறி நிக்கிது."

"காக்கா, இந்தக் கருவியே மூணு மீட்டர் முன்னபின்ன காட்டும்."

"அப்ப எதுக்கு இதத் தூக்கிட்டு அலையிறிய?"

கேள்வி நியாயம்தான். ஆனால் அதே தோப்பில், அன்றைக்கு மத்தியானமே பதிலும் கிடைத்தது. வடமேற்கு மூலையில் முக்கூட்டுக்கல்லை, அதாவது மூன்று எல்லைகள் கூடும் இடத்துக் கல்லை, காணோம். ஆடிக் காற்று அடித்து அடித்து மணல் மேவியிருக்கிறது, அதன் மேல் சீமைக்கருவேல். 'பனைக்கு நேரே' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், பனையே இல்லை. கண்ணில் பட்ட மூன்று கற்களை வைத்துப் புலப்படத்தைப் பொருத்தி, காணாத கல்லின் ஆயத்தொலைவைப் படத்திலிருந்து எடுத்துக் கருவிக்கு ஏற்றி, அது காட்டிய இடத்துக்கு நடந்தோம். அங்கிருந்து புலப்பட அளவை நாடாவில் பிடித்து இடத்தைச் சுருக்கி, கடப்பாறையால் குத்திக்கொண்டே போனால், முழங்கால் ஆழத்தில் 'ணங்'. மணலைக் கையால் தள்ளினால் தலையில் வெட்டிய அடையாளத்தோடு கல். அந்தச் சத்தத்துக்காக இந்தக் கருவியின் எல்லாக் குற்றத்தையும் மன்னிக்கலாம் என்று அப்போது தோன்றியது. இது இல்லாவிட்டால் அந்தக் கருவேலங்காட்டில் எங்கே என்று தோண்டுவது?

பொருத்தும்போது ஹெல்மர்ட் முறையைத்தான் எடுக்கிறேன். அது படத்தை நகர்த்தும், திருப்பும், ஒரே விகிதத்தில் பெரிதாக்கும், அவ்வளவுதான். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற இன்னொரு முறை ஈரத்துணியை இழுப்பது போல எல்லாக் கல்லிலும் படத்தைக் கொண்டுபோய் ஒட்டிவிடும். மீதிப்பிழை (பொருத்திய பிறகும் கல்லுக்கும் படத்துக்கும் மிஞ்சும் விலகல்) சுழியம் என்று வரும், பார்க்க ஜோராக இருக்கும், நேர்க்கோடாக இருக்க வேண்டிய எல்லை மட்டும் வளைந்திருக்கும். ஹெல்மர்ட்டில் ஒரு கல் மட்டும் எட்டு மீட்டர் விலகினால், யாரோ பிடுங்கி நட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட ஒரு காரணம் கிடைக்கிறது. இரண்டு மீட்டர் விலகினால் அதற்கு அர்த்தமே இல்லை. படத்தின் கோட்டுக்கே பருமன் உண்டு: 1:2000 படத்தில் அரை மில்லிமீட்டர் மை, தரையில் ஒரு மீட்டர். பழைய புலப்படம் என்றால் அளவு லிங்க்கில் (பழைய சர்வே சங்கிலியின் கண்ணி) இருக்கும், 100 லிங்க் 20.1168 மீட்டர். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புள்ளித் தொல்லைக்கு நான் கண்ட வழி இது. ஒவ்வொரு கல்லிலும் ± எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வேன். அப்புறம் கியூஜிஐஎஸில் 'பிழை' என்று ஒரு புலம் (தகவல் நிரப்பும் பத்தி) சேர்த்து, குறியின் அளவை அந்தப் புலத்தோடு இணைத்து, அலகை 'மீட்டர் அட் ஸ்கேல்' என்று வைத்தால், புள்ளி இருந்த இடத்தில் வட்டம் வரும். பெரிதாக்கினால் வட்டமும் கூடவே பெரிதாகும். குறியளவு விட்டத்தைக் குறிக்கும் என்பதால் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். ஆனால் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் சேமித்துவிடாதீர்கள். புலப்பெயருக்குப் பத்து பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போகும், 'பிழை'யையே வெட்டிவிடும். ஜியோபேக்கேஜ் வடிவத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. வட்டம் போட்ட பிறகு யாரும் போனில் விரித்துப் பார்த்துச் சண்டைக்குப் போகவில்லை. வேலி வட்டத்துக்குள்ளே இருந்தால் அவர்களே பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். கருவியே எழுதித் தந்திருக்க வேண்டிய எண்ணை நான் நோட்டில் எழுதி, திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் எரிச்சல்.

எனவே நண்பருக்கு: வாங்காதீர்கள். வெட்டவெளியில் போனும் கிட்டத்தட்ட இதே அளவு துல்லியம்தான் தருகிறது. உச்சிவெயிலில் போன் திரை தெரியாது, மதியத்துக்குள் சார்ஜ் தீரும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காசுக்கு நல்ல நாடாவும் கடப்பாறையும் வாங்குங்கள். சென்டிமீட்டர் கணக்கு வேண்டுமென்றால் டிஜிபிஎஸ்ஸை (திருத்தம் சேர்த்துத் துல்லியமாக அளக்கும் ஜிபிஎஸ்) ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். எல்லைத் தகராறு என்றால் அதுவும் வேண்டாம், அளந்து அத்து (எல்லை) காட்டச் சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அதுவும் 'ணங்' சத்தத்துக்காக. என்னுடையதை இரவல் கேட்டால் தர மாட்டேன், அடுத்த வாரம் வாலிநோக்கம் பக்கம் ஒரு கல் தேட வேண்டியிருக்கிறது.