நார்த்தாமலை – சித்தன்னவாசல் – குடுமியான்மலை: சைக்கிளில் ஒரு நாள் சுற்று

புதுக்கோட்டையில் தொடங்கி நார்த்தாமலை, சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை வழியாக மறுபடி புதுக்கோட்டைக்கே வந்து சேரும் இந்தச் சுற்று ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. அதனால் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். சைக்கிள் ஓட்டும் நேரம் அவ்வளவுதான். ஆனால் வழியில் மூன்று குன்றுகள் இருக்கின்றன, மூன்றிலும் இறங்கி நடக்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது. முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போனால் தமிழ்நாட்டில் ஒரே நாளில் சைக்கிளில் பார்க்கக்கூடிய இடங்களில் இதைவிடச் செறிவான சுற்று வேறு இருக்கிறதா என்பது சந்தேகமே.

கோயிலை வலமாகச் சுற்றுவது வழக்கம். இந்தச் சுற்றை இடமாகத்தான் சுற்ற வேண்டும். காரணம் எளிது. புதுக்கோட்டை – திருச்சி நெடுஞ்சாலைதான் இதில் மோசமான பகுதி. திருக்கோகர்ணம் தாண்டியதும் பேருந்துகளும் லாரிகளும் விரட்டிக்கொண்டு வரும். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் அந்த 18 கிலோமீட்டரையும் கூட்டம் சேர்வதற்குள் கடந்துவிடலாம். வடக்கு, வடமேற்காகப் போவதால் உதிக்கும் சூரியன் கண்ணில் அடிக்காது. மாலையில் குடுமியான்மலையிலிருந்து கிழக்கே திரும்பும்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். வலமாகச் சுற்றினால் நெடுஞ்சாலை மாலை நெரிசலில் வந்து மாட்டும், நார்த்தாமலைப் பாறை நடுப்பகல் கொதிப்பில் வந்து மாட்டும்.

நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து நார்த்தாமலை ஊருக்குள் போனதும் சைக்கிளைத் தெரு ஓரக் கடையில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இங்குள்ள குன்றுகளில் ஒன்றான மேலமலைக்கு ஏறுவது வெறும் கருங்கல் சரிவு. கிளீட் (பெடலில் மாட்டும் அடிக்கட்டை) வைத்த ரோடு ஷூ அங்கே வழுக்கும். கிளீட் உள்ளடங்கிய ஷூவோ சாதாரண கேன்வாஸ் ஷூவோ நல்லது. மேலே இருக்கும் சிவன் கோயிலான விஜயாலய சோழீச்சரம்தான் இந்தச் சுற்றின் மணிமுடி. பெயரில் சோழன் இருந்தாலும் 9ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர் முத்தரையர் குலத்தலைவர் என்று கல்வெட்டு சொல்கிறது. மழையில் இடிந்ததை இன்னொருவர் புதுப்பித்த செய்தியும் அதில் உண்டு. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம், மேலே உருண்ட சிகரம். சுற்றிலும் சின்னச் சின்னத் துணைக்கோயில்கள். எட்டில் ஆறு நிற்கின்றன. எதிரே பாறையைக் குடைந்த விஷ்ணு குகையில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஒன்றுபோலவே வரிசையாக நிற்கின்றன. கோயில் மேற்குப் பார்த்தது. ஆகவே காலையில் முகப்பு நிழலில் இருக்கும், படம் எடுப்பவர்களுக்கு அது குறைதான். அதற்காக மாலையில் வரலாம் என்று நினைக்க வேண்டாம், பகல் முழுக்கச் சூடேறிய பாறை அந்தி வரை ஆறாது. கருவறை பூட்டியிருந்தால் காவலர் வரும் வரை காத்திருக்க வேண்டும். வெளியே பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் போதாது. எட்டேகாலுக்குக் கீழே இறங்கிவிடுங்கள்.

நார்த்தாமலையிலிருந்து அன்னவாசல் பக்கம் போகும் கிராமச் சாலைகள்தான் சைக்கிளுக்கு ஏற்ற பகுதி. செம்மண், பனை, ஏரிக்கரை, தைல மரத் தோப்பு. காலையில் மயில் சாலையிலேயே நிற்கும். மயில் ஆட்டைப்போல ஒரு பக்கமாக ஒதுங்காது, கடைசி நொடியில் குறுக்கே ஓடும். வேகத்தைக் குறைத்துக்கொள்வது உங்களுக்கும் நல்லது, அதற்கும் நல்லது. ஊர் முகப்புகளில் வண்ணம் பூசாத வேகத்தடைகள் உண்டு.

இங்கே உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். சாலையோரம் வெட்டிப் போட்ட விறகிலிருந்து உதிர்ந்து கிடக்கும். 28 மி.மீ. டயருக்குக் குறைந்து போகாதீர்கள், 32 கிடைத்தால் இன்னும் நல்லது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐ காற்று போதும். கல்லுப்போல அடைத்தால் பெயர்ந்த ஜல்லியில் கை மரத்துப்போகும். பஞ்சர் ஆனால் டியூபை மட்டும் மாற்றிக் கிளம்புவதுதான் பலரும் செய்யும் தவறு. முள்ளின் தலை வெளியே ஒடிந்து, நுனி டயர் ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும். விரலால் தடவினால் குத்திவிடும். ஒரு பருத்தித் துணியை டயரின் உட்பக்கம் முழுச் சுற்றும் இழுத்துக்கொண்டே வந்தால் முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். வெளிப்பக்கத்திலிருந்து அழுத்தி, உட்பக்கம் எட்டிப் பார்க்கும் நுனியைச் சின்ன இடுக்கியால் பிடுங்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புது டியூபும் ஐந்தாவது நிமிடம் போய்விடும். மாற்று டியூப் இரண்டு, ஒட்டுப் பெட்டி ஒன்று, கைப்பம்பு ஒன்று கட்டாயம். ஊர் சைக்கிள் கடைகளில் பஞ்சர் ஒட்டுவார்கள், காற்றும் அடிப்பார்கள், ஆனால் ரோடு சைக்கிள் டியூபில் இருக்கும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு அவர்களிடம் முனை இருக்காது. பித்தளை அடாப்டர் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டால் அந்தக் கம்ப்ரஸரையே பயன்படுத்தலாம். நிழலுக்காகக் கருவேல மரத்தடியில் மட்டும் சைக்கிளை நிறுத்தாதீர்கள்.

தை, மாசியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. அறுத்த உளுந்து, கொள்ளுச் செடிகளை வண்டிச் சக்கரம் ஏறி உதிர்க்கட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஓட்டினால் கொடி பின் டிரெய்லரின் (கியர் மாற்றும் கருவியின்) சின்னச் சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். விடாமல் மிதித்தால் அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் ஒடியும். வழியில் எங்கும் அதற்கு மாற்று கிடைக்காது. இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்துவிடுங்கள். அது அவர்கள் வீட்டு விளைச்சல் என்பதும் நினைவிருக்கட்டும்.

சித்தன்னவாசல் சுமார் 12 கிலோமீட்டரில் வந்துவிடும். தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு வாங்கியதும் முதலில் ஏழடிப்பட்டம். பாறை முகட்டுக்கு ஏறி, மறுபக்கச் சரிவில் வெட்டிய படிக்குழிகள் வழியாக இறங்கினால் இயற்கைக் குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் பதினேழு, தலையணை மேடும் கல்லிலேயே. ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தது. பிறகு அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை. விதானத்தில் தாமரைக்குளம்: இலையும் மொட்டும் மலரும் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்க, இடையில் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். சுண்ணாம்புச் சாந்து காய்ந்தபின் தீட்டியது. பாதி உதிர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பதைப் பார்க்க வெளிச்சத்துக்குக் கண் பழக வேண்டும். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று திரும்புகிறவர்கள் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்தார் என்று அங்கேயே தமிழ்க் கல்வெட்டு உள்ளது. கருவறையில் மெல்ல ஓங்காரம் இட்டால் அறை முழுக்க அதிரும்.

பத்தரைக்கு அங்கிருந்து கிளம்பினால்தான் குடுமியான்மலையில் நடை சாத்துவதற்குள் நுழைய முடியும். அன்னவாசலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், 750 மில்லி பாட்டில் இரண்டு இருந்தாலும் அதுவரை தாங்குவது கடினம். ஒன்றில் உப்பும் எலுமிச்சையும் கலந்துகொண்டால் வியர்வையில் போகும் உப்பை ஓரளவு ஈடுசெய்யலாம்.

குடுமியான்மலைச் சிகாநாதசாமி கோயிலில் நுழைந்ததும் ராவணன், நரசிம்மர், ரதி சிற்பங்கள் தூணுக்குத் தூண் நிறுத்திவைக்கும். அவற்றைத் திரும்பி வரும்போது பார்க்கலாம். நேராகப் பின்னால் மேலைக்கோயில் குடைவரைக்குப் போங்கள். அதன் பக்கத்துப் பாறையில்தான் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு. ஏழு பண்களுக்கான சுரக் கோவைகள் கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. வெட்டுவித்தவர் உருத்திராசாரியரின் மாணவரான ஓர் அரசர், பெயர் இல்லை. கடைசியில் தமிழில் ஒரு வரி வரும்: இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று. இசைக்கருவியின் நரம்புகளின் (தந்திகளின்) எண்ணிக்கையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எழுத்து அருகருகே, பொடிப்பொடியாக இருக்கும். பக்கவாட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் வெறும் கீறலாகத் தெரியும்.

இந்தச் சுற்றின் பெரிய குறை நடுப்பகல். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திய பிறகு மூன்றரை வரை நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும், சாப்பாட்டுக்கு ஊரில் பெரிய வசதி இல்லை, கழிப்பறை வசதியும் குறைவு. கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது. பெண்கள் சித்தன்னவாசலிலேயே வசதியைப் பயன்படுத்திக்கொள்வது நலம். திரும்பும் 20 கிலோமீட்டரில் எதிரே வரும் ஓட்டுநர்களின் கண்ணில் மாலைச் சூரியன் அடிக்கும், முந்திக்கொண்டு உங்கள் பக்கம் ஏறுவார்கள். முன்விளக்கைப் பகலிலேயே மினுக்கவிட்டு, பளிச்சென்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழியிலிருந்து மாசி வரை ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆடியில் மேல்காற்று முகத்தில் அடிக்கும். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா நாட்களில் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், சைக்கிள் ஓட்ட இடம் இருக்காது.

கொடும்பாளூர் மூவர்கோயிலையும் இதே நாளில் சேர்க்கச் சிலர் பார்க்கிறார்கள். வேண்டாம். அதற்குக் கூடுதலாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும், அதுவும் உச்சி வெயிலில். கொடும்பாளூரை ஆண்ட வேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் தேவியர் இருவருக்குமாக எடுத்த மூன்றில் இரண்டு விமானங்கள்தான் நிற்கின்றன, மூன்றாவதன் அடித்தளம் மட்டும் பக்கத்தில் கிடக்கிறது. அதை விராலிமலையோடு சேர்த்து, திருச்சியிலிருந்து இன்னொரு விடியற்காலையில் போய்ப் பாருங்கள்.